மின்கட்டமைப்புப் பழுதுகளை மெஷின் லேர்னிங் கொண்டு முன்கூட்டியே அறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் விநியோகத்தில் இருப்பவர்களும் டேட்டா வேலையில் இருப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மாறி மாறிக் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. இரு பக்கத்தாருக்கும் புரிய வேண்டும் என்பதால், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்காகச் சில இடங்களில் விளக்கப்பட்டிருக்கும். வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

இந்த டிரான்ஸ்ஃபார்மர் எந்தத் தேதியில் பழுதாகும் என்று மாடல் சொல்லிவிடுமா?

சொல்லாது. சொல்லும் என்று யாராவது விற்க வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மாடல், அதாவது பழைய டேட்டாவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரல், தருவது ஒரு வரிசை. அடுத்த ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ பழுதாகும் வாய்ப்பு எதற்கு அதிகம், எதற்குக் குறைவு என்று மேலிருந்து கீழாக அடுக்கித் தரும். இது சின்ன விஷயம் இல்லை. ஒரு விநியோக நிறுவனத்திடம் டிரான்ஸ்ஃபார்மர்கள் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஆட்கள், உதிரி பாகங்கள், ஷட் டவுன் வாங்கக் கிடைக்கும் நாட்கள் எல்லாம் சில நூறு டிரான்ஸ்ஃபார்மர்களுக்குத்தான் போதும். அந்தச் சில நூறு எவை என்பதுதான் கேள்வி.

வழக்கமாக இதற்கு வயதைத்தான் பார்ப்பார்கள், பழையது முதலில். ஆனால் வயது மட்டும் நல்ல அளவுகோல் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் அதன் உள்ளே சுருளைச் சுற்றியிருக்கும் காகித இன்சுலேஷனின் ஆயுள்தான், அந்தக் காகிதத்தைத் தின்பது வெப்பம். சாதாரணக் காகிதத்துக்கு, சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸில் இருந்தால் அதை இயல்பான தேய்மானம் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் தேய்மான வேகம் இரட்டிப்பாகும். அதாவது 110 டிகிரியில் ஓடினால் ஒரு நாளில் நான்கு நாள் தேய்கிறது. அதனால் பாதிச் சுமையில் நாற்பது வருடம் ஓடிய டிரான்ஸ்ஃபார்மர் நல்ல நிலையில் இருக்கலாம். ஒவ்வொரு கோடையிலும் ஓவர்லோடில் ஓடிய பத்து வருடத்து டிரான்ஸ்ஃபார்மர் முடியும் தறுவாயில் இருக்கலாம். வயது, சுமை, வெப்பநிலை, பழைய பழுதுகள், எண்ணெய்ப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எடைபோட மனிதருக்கு நேரம் போதாது. அங்கேதான் மாடல் உதவுகிறது.

ரிலேயும் பிரேக்கரும் ஏற்கெனவே இருக்கின்றனவே, இது எதற்கு?

பழுதை உணரும் ரிலேயும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் பழுது நடந்த பிறகு வேலை செய்பவை. ஷார்ட் சர்க்யூட் ஆனதும் சில பத்து மில்லி செகண்டில் அந்தப் பகுதியைத் துண்டித்து மற்றதைக் காப்பாற்றுகின்றன. அந்த வேலையை மெஷின் லேர்னிங்கிடம் கொடுக்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நாம் பேசுவது அதற்கு முந்தைய வாரங்களும் மாதங்களும் பற்றி.

எல்லாப் பழுதையும் கணிக்க முடியுமா?

முடியாது. எது முடியும் என்பதை ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

மெதுவாகக் கெட்டுப்போகிறவை மாடலின் கைக்குள் வரும். காகிதம் தளர்வது, கேபிள் ஜாயின்டில் ஈரம் புகுவது, எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக்கால் ஆன கேபிள் இன்சுலேஷனுக்குள் கிளை கிளையாக நீர்த்தடங்கள் வளர்வது, கிளாம்ப் தளர்ந்து சூடாவது, பிரேக்கரின் இயக்கம் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தாமதமாவது: இவை எல்லாம் முன்னதாகவே ஏதாவது தடயம் விடும்.

இடி, கம்பியில் ஏறிய அணில், கேபிளைத் தோண்டிவிடும் ஜேசிபி போன்றவற்றுக்கு முன்தடயம் கிடையாது. ஆனால் இவற்றிலும் மொத்தமாகக் கணக்குப் பார்க்கலாம். புயல் முன்னறிவிப்பு, மரங்களின் அடர்த்தி, மண்ணின் ஈரம், கம்பங்களின் விவரம் ஆகியவற்றை வைத்து, எந்தப் பகுதியில் எத்தனை இடங்களில் மின்தடை வரக்கூடும் என்று முந்தைய நாளே மதிப்பிடுவார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகம் அங்குள்ள மின் நிறுவனத்தோடு சேர்ந்து இப்படி ஒரு முறையை உருவாக்கியிருக்கிறது. எந்தக் கம்பம் சாயும் என்று அது சொல்லாது. எந்த ஊரில் எத்தனை குழுக்களை முன்னாடியே கொண்டுபோய் நிறுத்தலாம் என்பதற்கு அந்தக் கணக்கு போதும்.

பெரிய பவர் டிரான்ஸ்ஃபார்மரில் என்னென்ன பார்க்கிறார்கள்?

முதலில் எண்ணெய். டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏதாவது சூடானால் அல்லது பொறி பறந்தால் எண்ணெய் உடைந்து வாயுக்கள் உண்டாகி அதிலேயே கரைந்திருக்கும். மாதிரி எடுத்து அந்த வாயுக்களை அளப்பார்கள். சக்தி குறைந்த பகுதி மின்னிறக்கம் (இன்சுலேஷனின் ஒரு பகுதியில் மட்டும் பாயும் சிறு மின்துடிப்பு) என்றால் ஹைட்ரஜன் கூடும். எண்ணெய் கடுமையாகச் சூடானால் எத்திலீன். அசிட்டிலீன் தெரிந்தால் உள்ளே ஆர்க் (பலத்த மின்பொறி) அடித்திருக்கிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அது மிக உயர்ந்த வெப்பத்தில்தான் உண்டாகும். கார்பன் மோனாக்சைடு ஏறினால் காகிதத்தின் மேல் சந்தேகம் வரும். 1970களில் கனடாவின் ஹைட்ரோ கியூபெக் நிறுவனத்தில் மிஷேல் டுவால் உருவாக்கிய முக்கோணம், மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தை வைத்தே பழுதின் வகையைச் சொல்கிறது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

சரி, முக்கோணமே இருக்கும்போது மாடல் எதற்கு? முக்கோணம் 'பழுது இருக்கிறது என்றால் அது எந்த வகை' என்று சொல்லும். பழுது இருக்கிறதா, எவ்வளவு வேகமாக வளர்கிறது, சுமையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பதெல்லாம் தனிக் கேள்விகள். ஒரு நாளின் அளவைவிட, இரண்டு மாதிரிகளுக்கு நடுவே ஏறிய வேகம்தான் அதிகம் பேசும்.

இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. எண்ணெய்ப் பரிசோதனை டேட்டாவைத் தொடும் ஒவ்வொருவரும் இவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, எண்ணெயைச் சுத்திகரிப்பது. எண்ணெயை எடுத்து வாயு நீக்கித் திரும்ப ஊற்றினால் அடுத்த மாதிரியில் எல்லா அளவும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். உள்ளே இருக்கும் பழுது அப்படியேதான் இருக்கிறது. சுத்திகரித்த தேதி டேட்டாவில் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் தானாகவே குணமாகிவிட்டது என்று மாடல் நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, டேப் சேஞ்சர். மின்னழுத்தத்தைச் சரிசெய்ய, சுமை ஓடும்போதே சுருளின் இணைப்பிடத்தை (டேப்) மாற்றும் அமைப்பு இது. அதன் தொட்டியில் ஒவ்வொரு முறை டேப் மாறும்போதும் ஆர்க் அடிப்பது இயல்பு; பழைய வகை டேப் சேஞ்சரின் எண்ணெயில் அசிட்டிலீன் தாராளமாக இருக்கும். அந்தத் தொட்டிக்கும் மெயின் டேங்குக்கும் நடுவே சீல் கசிந்தால் மெயின் டேங்க் மாதிரியில் அசிட்டிலீன் தெரியும். மாடல் அலறும். அனுபவமுள்ள பொறியாளர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மற்ற வாயுக்கள் ஏறவில்லையே, இது டேப் சேஞ்சர் கசிவாக இருக்கும்" என்பார். அவர் சொன்னதை டேட்டாவில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்தால் அடுத்த முறை மாடலுக்கும் அது தெரியும்.

தெருக்களில் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் சென்சாரே கிடையாதே?

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அதுவே சென்சார். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் உள்ள வீடுகளின் மீட்டர் அளவுகளை மணிக்கு மணி கூட்டினால் அதன் சுமை கிடைத்துவிடும். எத்தனை மணி நேரம் ஓவர்லோடில் ஓடியது என்பது அதிலேயே தெரியும்.

இன்னும் நுணுக்கமான தடயம் ஒன்று மின்னழுத்தத்தில் இருக்கிறது. உயர் அழுத்தச் சுருளில் சில சுற்றுகள் தங்களுக்குள் ஒட்டிப்போனால் அந்தப் பக்கத்தின் சுற்று எண்ணிக்கை குறைகிறது. விகிதம் மாறுவதால் வீட்டுப் பக்கம் வரும் மின்னழுத்தம் சற்று ஏறும். ஒரு வீட்டு மீட்டரில் மட்டும் ஏறினால் அது மீட்டரின் பிரச்சினையாக இருக்கலாம். ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் உள்ள எல்லா மீட்டரிலும் ஒரே நாளில் ஏறி, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் ஏறாமல் இருந்தால், அந்த டிரான்ஸ்ஃபார்மரைப் போய்ப் பார்க்க வேண்டியதுதான். இதற்குப் பெரிய மாடல்கூடத் தேவையில்லை. எந்த மீட்டர் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இணைந்திருக்கிறது என்ற பட்டியல் மட்டும் சரியாக இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் தப்பாக இருப்பது அந்தப் பட்டியல்தான்.

நிலத்தடிக் கேபிளில் இது உண்மையாகவே வேலை செய்த உதாரணம் உண்டா?

உண்டு. நியூயார்க்கில் கான் எடிசன் மின் நிறுவனமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலையை, இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். அந்த நகரத்தில் தாமஸ் எடிசனின் பேர்ல் ஸ்ட்ரீட் மின் நிலையம் 1882இல் தொடங்கியது. மன்ஹாட்டனில் ஓடிக்கொண்டிருந்த குறை அழுத்தக் கேபிள்களில் குறைந்தது 5 சதவீதம் 1930க்கு முன் போட்டவை. தெருவுக்கு அடியில் கேபிள்கள் சந்திக்கும் மேன்ஹோல்களில் சில சமயம் புகை வரும், தீப்பிடிக்கும், அபூர்வமாக மூடி பறக்கும். எந்த மேன்ஹோலை முதலில் ஆய்வு செய்வது என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி.

சென்சார் டேட்டா கிடையாது. இருந்தது பழுது அழைப்புகளின்போது பணியாளர்கள் அவசரத்தில் தட்டிய குறிப்புகள், பல காலகட்டங்களில் சேர்ந்த கேபிள் கணக்கு, ஆய்வு அறிக்கைகள். அந்தக் குறிப்புகளில் 'சர்வீஸ் பாக்ஸ்' (மேன்ஹோல் போன்ற சிறிய நிலத்தடி அறை) என்ற ஒரே சொல் குறைந்தது 38 விதமாக எழுதப்பட்டிருந்தது. முதல் பெரிய வேலை அந்தக் குறிப்புகளைப் படித்து எது கடுமையான நிகழ்வு, எது சாதாரணப் புகார், எது எந்த மேன்ஹோலைச் சேர்ந்தது என்று பிரித்ததுதான். கணினி அறிவியலாளர் சிந்தியா ரூடின் தலைமையேற்ற ஆய்வுக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக வருவது இந்தச் சுத்தம் செய்யும் வேலை.

கடைசியில் உதவிய தகவல்கள் எளிமையானவை: அந்த மேன்ஹோலில் எத்தனை கேபிள்கள் இருக்கின்றன, இதற்கு முன் அங்கே பிரச்சினை வந்ததா, எவ்வளவு சமீபத்தில். பிராங்க்ஸ் பகுதியில் முடிவை மறைத்துவைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பதினோராயிரத்துச் சொச்சம் மேன்ஹோல்களை மாடல் வரிசைப்படுத்தியது. பிறகு உண்மையில் கடுமையான நிகழ்வு நடந்தவை 18. அவற்றில் 8, வரிசையின் மேல் 10 சதவீதத்துக்குள் இருந்தன. எட்டுதானா என்று தோன்றலாம். கண்ணை மூடிக்கொண்டு 10 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் சராசரியாக இரண்டுகூடக் கிடைத்திருக்காது.

மேலே ஓடும் கம்பிகளில்?

இங்கே இரண்டு வழிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன.

ஒன்று, துணை மின் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டே ஃபீடரின் (அங்கிருந்து கிளம்பும் விநியோகப் பாதையின்) மின்னோட்ட அலைவடிவத்தைக் கேட்பது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு உழைப்பில் உருவான முறை இது. ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறது என்று வையுங்கள். அது உடனே அறுந்துவிடாது. நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், சிறு சிறு பொறியாகத் தீய்ந்துகொண்டிருக்கும். ரிலேயின் கண்ணுக்கு அது தெரியாது, ஏனென்றால் மின்னோட்டம் எல்லை தாண்டவில்லை. ஆனால் அலைவடிவத்தில் அதற்கென்று ஒரு தனி உருவம் உண்டு. மரக்கிளை உரசுவதற்கு வேறு, கெபாசிட்டர் சுவிட்ச் கெடுவதற்கு வேறு. ஃபீடர் ஒருமுறை ட்ரிப் ஆகித் தானே மீண்டும் சேர்ந்துகொண்டு, அதே அளவில், அதே இடத்தில் இன்னொரு வாரத்தில் திரும்ப நடந்தால், யாரும் புகார் செய்யாமலேயே தேடிப் போக வேண்டிய இடம் அது.

இன்னொன்று பகுதி மின்னிறக்கத்தைப் பிடிப்பது. உறையிட்ட கம்பியில் கிளை சாய்ந்தால் ட்ரிப் ஆகாது. உறை கொஞ்சம் கொஞ்சமாகத் தீய்ந்துகொண்டிருக்கும். செக் குடியரசின் ஆஸ்த்ராவா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இதற்கான டேட்டாவை 2018இல் காகிள் என்ற டேட்டா போட்டித் தளத்தில் போட்டியாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு பதிவும் 20 மில்லி செகண்ட், அதாவது 50 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு சுற்று. அதற்குள் 8 லட்சம் அளவுகள். பயிற்சிக்குக் கொடுத்த 8,712 பதிவுகளில் பழுதுள்ளவை 525 மட்டும். அதோடு நீளமான கம்பி தானே ஆன்டெனாவாகி வானொலி இரைச்சலையும் வாங்கிக்கொள்வதால், பழுதின் துடிப்பையும் இரைச்சலின் துடிப்பையும் பிரிப்பதே பெரும்பாடு. இந்தத் துறையைத் தொட்டுப் பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த டேட்டாவைத்தான்.

ட்ரோன் படங்களில் உடைந்த இன்சுலேட்டர், துரு, காணாமல் போன பின் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும் மாடல்களும் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் எந்த மாடலும் யாரோ ஒருவர் பார்த்த அல்லது அளந்ததைத்தான் பார்க்க முடியும். 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் ஒரு மின்கோபுரத்தில் இன்சுலேட்டரைத் தாங்கிய கொக்கி தேய்ந்து முறிந்தது. அதில் பற்றிய கேம்ப் தீயில் 85 பேர் இறந்தார்கள். கொக்கிக்கு ஏறக்குறைய நூறு வயது. அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்து எழுதிய அளவு இருந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க மாடலே தேவைப்பட்டிருக்காது.

எந்த அல்காரிதம் நல்லது?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் கொடுக்கும் நேரத்தில் பாதியை டேட்டாவுக்குக் கொடுக்கலாம்.

அட்டவணை வடிவ டேட்டா என்றால் கிரேடியன்ட் பூஸ்டிங் அல்லது ரேண்டம் ஃபாரஸ்ட் (இரண்டும் பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிப்பவை). ஒப்பிட்டுப் பார்க்கக் கண்டிப்பாக ஒரு எளிய லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எடை கொடுத்து வாய்ப்பைக் கணக்கிடுவது). எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி என்றால் சர்வைவல் மாடல்கள். இன்னும் பழுதாகாமல் ஓடிக்கொண்டிருப்பவற்றையும் முறையாகக் கணக்கில் சேர்க்க அவற்றுக்குத் தெரியும். அலைவடிவம், படம் என்றால் டீப் லேர்னிங்.

99 சதவீதத் துல்லியம் என்கிறார்களே, நம்பலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 டிரான்ஸ்ஃபார்மர்கள், வருடத்துக்கு 100 பழுதாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 'எதுவுமே பழுதாகாது' என்று சொல்லும் மாடல் 99 சதவீதம் சரி. அதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போது இன்னொரு மாடல் 500 டிரான்ஸ்ஃபார்மர்களைக் கைகாட்டுகிறது. அந்த 500இல், பழுதாகப்போகும் 100இல் 60 இருக்கின்றன. 440 தேவையில்லாமல் கைகாட்டப்பட்டவை, 40 தப்பிப்போனவை. மொத்தத் துல்லியம் 95.2 சதவீதம், அதாவது ஒன்றுமே செய்யாத மாடலைவிடக் குறைவு! ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 500ஐ எடுத்திருந்தால் 5 தான் கிடைத்திருக்கும். இது 60 எடுத்திருக்கிறது. பன்னிரண்டு மடங்கு. எந்தப் பராமரிப்புப் பிரிவும் இந்த இரண்டாவது மாடலைத்தான் கேட்கும்.

அதனால் விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: எங்களால் இந்த வருடம் இத்தனை இடங்களுக்குத்தான் போக முடியும், உங்கள் வரிசையின் மேலிருந்து அத்தனையை எடுத்தால் உண்மையான பழுதுகளில் எத்தனை அதற்குள் வரும்? வயதை மட்டும் வைத்து அடுக்கினால் எத்தனை வரும்? இரண்டு எண்களும் வேண்டும்.

சோதனையில் அருமையாக வந்த மாடல் களத்தில் சொதப்புவது ஏன்?

பெரும்பாலும் டேட்டாவைப் பிரித்த விதத்தில் தப்பு. ஒரே புயலில் ஒரே ஃபீடரில் விழுந்த கம்பங்களைக் குலுக்கிப் போட்டுப் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் எடுத்தால், மாடல் அந்தப் புயலை மனப்பாடம் செய்துவிடும். காலத்தால் பிரிக்க வேண்டும்: இந்தத் தேதி வரை உள்ளது பயிற்சிக்கு, அதற்குப் பின் உள்ளது சோதனைக்கு.

அடுத்தது, பின்னால் தெரிந்த விஷயம் முன்னாலேயே உள்ளே கசிவது. சந்தேகம் வந்த டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் அடிக்கடி எண்ணெய் மாதிரி எடுப்பார்கள். 'கடந்த மூன்று மாதத்தில் எத்தனை மாதிரி' என்ற எண்ணை மாடலிடம் கொடுத்தால் பிரமாதமாகக் கணிக்கும். உண்மையில் அது பொறியாளரின் சந்தேகத்தைக் காப்பியடிக்கிறது. யாருமே சந்தேகப்படாத ஒன்றை அது காட்டாது.

மூன்றாவது வகையைப் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். சொத்துப் பதிவேடு இன்றைய நிலையை மட்டும் வைத்திருக்கும். ஒரு கம்பத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால், புதியதை மாட்டிவிட்டு அதே எண்ணில், அதே வரிசையில் புதிய உற்பத்தி ஆண்டை எழுதிவிடுவார்கள். பழைய 35 வருடத்து டிரான்ஸ்ஃபார்மர் பற்றிய தகவல் அழிந்துபோச்சு. பழுதுப் பதிவேட்டிலோ அந்த எண்ணுக்கு எதிரே பழுது இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் கிடைப்பது: வயது ஒன்று, பழுதானது. இப்படி நூற்றுக்கணக்கில் சேரும்போது புதிய டிரான்ஸ்ஃபார்மர்தான் அதிகம் எரிகிறது என்று மாடல் கற்றுக்கொள்ளும். இதற்கு மருந்து அல்காரிதத்தில் இல்லை. மாற்றும்போது பழைய வரியை அழிக்காமல் 'கழற்றிய தேதி' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும்.

மாடல் எச்சரித்தது, போய்ச் சரிசெய்துவிட்டோம். பழுதே வரவில்லை. அப்படியானால் மாடல் சொன்னது சரியா, தப்பா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நன்றாக வேலை செய்யும் மாடல் தன்னுடைய சாட்சியத்தைத் தானே அழித்துக்கொள்கிறது. இன்னும் மோசம், அடுத்த வருடப் பயிற்சியில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் 'அசிட்டிலீன் அதிகம், ஆனால் பழுதாகவில்லை' என்று நுழையும். கவனிக்காமல் விட்டால் ஆபத்தான அறிகுறிகள்தான் பாதுகாப்பு என்று மாடல் தலைகீழாகக் கற்றுவிடும்.

செய்ய வேண்டியவை சில. தொடங்கும் முதல் பருவத்தில் மாடலின் பட்டியலை யாருக்கும் காட்டாமல் பூட்டிவைத்து, பருவம் முடிந்த பின் நடந்தவற்றோடு ஒப்பிடுவது. பிராங்க்ஸ் சோதனையும் இந்த வகைதான். ஆனால் தெளிவான ஆபத்து தெரிந்தால் சோதனைக்காக அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. பிறகு, சரிசெய்யப் போகிறவர் கண்டதை எழுதுவது: உண்மையாகவே மோசமாக இருந்ததா, ஆரம்ப நிலையா, ஒன்றுமில்லையா. அந்த ஒரு சொல் 'பழுதானதா இல்லையா' என்பதைவிட நல்ல பாடம். கழற்றிய கேபிள் ஜாயின்டைக் குப்பையில் போடாமல் வெட்டித் திறந்து பார்ப்பதும் அப்படித்தான். முன்கூட்டியே கழற்றியவற்றை 'பழுதாகாதவை' என்று எழுதாமல், 'இந்தத் தேதி வரை ஓடியது, அதற்குப் பின் தெரியாது' என்று சர்வைவல் மாடலுக்குக் கொடுக்க வேண்டும்.

நாடு முழுக்க இருளாகும் பெரிய பிளாக்அவுட்டைக் கணிக்க முடியுமா?

அது வேறு வகைப் பிரச்சினை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹையோவில் வெட்டாமல் விட்ட மரங்களில் உயர் அழுத்தக் கம்பிகள் பட்டன. அதே நேரத்தில் கட்டுப்பாட்டு அறையின் அலார மென்பொருள் ஊமையாகிவிட்டிருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் இந்தியாவில் நடந்ததில், ஏற்கெனவே பல கம்பிகள் பராமரிப்பில் இருந்த நிலையில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை ட்ரிப் ஆனதிலிருந்து சரிவு தொடங்கியது. இரண்டாம் நாள் 60 கோடிக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள்.

இவை அபூர்வமானவை, ஒவ்வொன்றும் ஒரு விதம். கற்றுக்கொள்ளப் போதுமான எண்ணிக்கையில் உதாரணங்கள் இல்லை, இருக்கவும் வேண்டாம். அதனால் ஆயிரக்கணக்கான சரிவுகளைக் கணினியில் சிமுலேட் செய்து, அதில் மாடலைப் பயிற்றுவித்து, இந்த நிமிட நிலையிலிருந்து எந்தக் கம்பி போனால் ஆபத்து என்று வேகமாக மதிப்பிட வைக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறைக்கு அளவுகளைக் கொண்டுவரும் ஸ்காடா அமைப்பு சில செகண்டுக்கு ஒருமுறைதான் படிக்கும். பல இடங்களின் மின் அலையை ஒரே கடிகார நேரத்தில் அளக்கும் பிஎம்யூ கருவிகள் செகண்டுக்கு 30 முறையோ அதற்கு மேலோ அளப்பதால் கட்டமைப்பு ஊசலாடத் தொடங்குவது முன்னமே தெரிகிறது. இது ஆபரேட்டருக்கு உதவி. பிளாக்அவுட் ஜோசியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

லைன்மேன்களின் வேலை போய்விடுமா?

போகாது. போகும் இடமும் நேரமும் மாறும். மாடல் கைகாட்டிய இடத்துக்குப் போய்க் கம்பத்தில் ஏறுவது அவர்கள்தான், எழுதுவதும் அவர்கள்தான். ஆனால் ஒரு நிபந்தனை: ஏன் அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். '0.83' என்று ஒரு எண்ணைக் கையில் கொடுத்தால் அவர் எதைப் பார்ப்பார்? 'இரண்டு மாதத்தில் மூன்று முறை ட்ரிப், மூன்றும் காற்று அடித்த நாளில்' என்று சொன்னால் நேராக மரத்தைப் பார்ப்பார். வீண் அலைச்சல் தொடர்ந்தால் இரண்டாவது மாதம் யாரும் பட்டியலைத் திறக்க மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

சிறிய நிறுவனம், பட்ஜெட் குறைவு. எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒரு வகைச் சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் ஜாயின்ட் அல்லது விநியோக டிரான்ஸ்ஃபார்மர். ஐந்து வருடப் பழுதுப் பதிவுகளை எடுத்து, இருநூறு பதிவுகளைப் பொறியாளர் ஒருவரும் டேட்டா ஆள் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். எது உண்மையான பழுது, எது திட்டமிட்ட ஷட் டவுன், எது தப்பாக எழுதியது என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் சொத்துப் பதிவேட்டோடு இணைத்துப் பாருங்கள். எத்தனை பதிவுகள் எந்தச் சாதனத்தோடும் பொருந்தாமல் நிற்கின்றன என்பதை எண்ணினால் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும்.

அதற்குப் பின் வயது, சுமை, முந்தைய பழுது எண்ணிக்கை, கடைசிப் பழுதின் தேதி ஆகிய நான்கை மட்டும் வைத்து ஒரு எளிய மாடல். பட்டியலின் மேல் பகுதியைத் தனிப் பயணமாக்காமல், ஏற்கெனவே திட்டமிட்ட பராமரிப்புச் சுற்றில் சேருங்கள். கண்டதை எழுதும் படிவம் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. சாதன எண், தேதி, மூன்று நிலைகளில் ஒன்று, ஒரு புகைப்படம், சொந்த வார்த்தையில் எழுத ஒரு வரி. அந்தப் படிவங்கள் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டிச் சேர்ந்த பிறகு, புதிய சென்சார் வாங்குவது பற்றியும் பெரிய மாடல் பற்றியும் பேச ஆரம்பிக்கலாம்.